அவுட்போர்டு எஞ்சினுக்குக் குறைந்த விலையில் ஸ்பார்க் பிளக்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஃபைபர் வள்ளம், அதன் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்: 15 குதிரைத்திறன் யமஹா எண்டியூரோ டூ-ஸ்ட்ரோக், பெட்ரோல். "மூணு வாரத்துக்கு ஒருக்கா பிளக் போயிடுது அண்ணே. எஞ்சின் கடையில விலை கூடுதல். டவுன்ல பைக் கடையில பாதி விலைக்கு இருக்கு, ஆன்லைன்ல அதைவிடக் குறைவு. எதை வாங்கலாம்? இல்ல, இரிடியம் போட்டா நாள்பட வருமா?" இதுதான் கேள்வி.

முதலில் நேரடியான பதில். உங்கள் எஞ்சினுக்கு என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ்-10 (B7HS-10) என்ற சாதாரண நிக்கல் பிளக் போதும். எஞ்சின் கடையின் கம்பெனிப் பையில் வந்தாலும் பைக் கடை அலமாரியில் இருந்தாலும் எண் ஒன்றாகவும் சரக்கு ஒரிஜினலாகவும் இருந்தால் அது அதே பிளக்தான், பைக் கடையில் தாராளமாக வாங்கலாம். ஆன்லைனில் கிடைக்கும் அடிமாட்டு விலைச் சரக்கு வேண்டாம். இரிடியம் நுனி வைத்த பிளக்கும் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு.

மூன்று வாரம் என்கிறீர்கள். எஞ்சினுக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் பதினேழு நாளில் நூறு மணி நேரம் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை போவதில்லை என்றால் அதுவே மூன்று வாரம். டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டில் ஐம்பது மணிக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் நூறு மணி வாக்கில் மாற்றுவதும் வழக்கமான பராமரிப்பு. சுற்றுலாப் படகு வைத்திருப்பவருக்கு நூறு மணி என்பது ஒரு வருடம், தொழிலுக்குப் போகும் நமக்கு அது மூன்று வாரம். ஆகவே நூறு மணி ஓடிவிட்டுப் போகிறது என்றால் பிளக் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறது. நாற்பது மணியிலேயே கரி பிடித்து நிற்கிறது என்றால்தான் கோளாறு. அப்போதும் பிளக்கில் கோளாறு இருப்பது அபூர்வம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

சரி, பிளக்கின் எண்ணை எப்படிப் படிப்பது? இது தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பி7எச்எஸ்-10 என்பதில் முதலில் வரும் 'பி' மரையின் விட்டத்தைச் சொல்கிறது: 14 மி.மீ. 'எச்' என்பது மரையின் நீளம், 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். நாங்கள் குட்டைப் பிளக் என்போம். 'எஸ்' என்பது செம்பு உள்ளீடு வைத்த சாதாரண வகை. கடைசியில் வரும் 10 கேப்பைக் குறிக்கிறது, அதாவது நுனியில் நடுக்கம்பிக்கும் பக்கக் கம்பிக்கும் உள்ள இடைவெளி, 1.0 மி.மீ. நடுவில் இருக்கும் 7 தான் ரொம்ப முக்கியம், அது சூட்டு எண்.

சூட்டு எண் என்பது பிளக் எவ்வளவு தீப்பொறி விடுகிறது என்பதைச் சொல்வதல்ல. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிளக்கின் நுனி வாங்கும் வெப்பத்தை எவ்வளவு வேகமாக எஞ்சின் தலைக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான் அது. நுனி ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரி பக்கம் போய்விட்டால் தீப்பொறி வரும் முன்னே அந்தச் சூடே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும், பிஸ்டன் ஓட்டையாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வைப்பதுதான் சூட்டு எண்ணின் வேலை. ஒரு எண் கூடினாலோ குறைந்தாலோ நுனிச் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும். என்ஜிகேயில் எண் கூடக் கூடக் குளிர்ந்த பிளக், குறையக் குறையச் சூடான பிளக்.

இங்கேதான் மலிவு தேடுபவர்கள் வழுக்கி விழும் இடம் இருக்கிறது. டென்சோ கம்பெனிப் பிளக்கிலும் எண் கூடினால் குளிர்ச்சிதான், ஆனால் எண்கள் வேறு. என்ஜிகேயின் 7-க்கு டென்சோவில் 22, 6-க்கு 20, 8-க்கு 24. பாஷ், சாம்பியன் இரண்டிலும் கணக்கு தலைகீழ், எண் கூடினால் சூடு கூடும். ஆகவே "அதுலயும் 7, இதுலயும் 7" என்று பாஷ் 7 எண் பிளக்கை என்ஜிகே 7 இருந்த இடத்தில் போட்டால், ஒரு படி சூடான பிளக்கைப் போட்டதாக ஆகும். நம் ஊரில் பெரியவர்கள் இன்னும் 'மைக்கோ பிளக்' என்று கேட்டு வாங்குவார்கள். பெங்களூரு மைக்கோ கம்பெனிதான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, அந்தப் பிளக்கின் எண் முறை பாஷ் முறைதான். உங்கள் எஞ்சினுக்கு என்ஜிகே கிடைக்காவிட்டால் சாம்பியனில் எல்82சி, டென்சோவில் டபிள்யூ22எஃப்எஸ்-யு இரண்டும் ஒத்துவரும். எது மலிவோ அதை வாங்குங்கள். இந்தக் கம்பெனிகளின் ஒரிஜினல் சரக்கில் ஒன்று உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்று நான் பார்த்ததில்லை. கேப்பை மட்டும் அளந்து போடுங்கள்.

அந்தக் கேப்பிலேயே ஒரு மிச்சம் இருக்கிறது. பைக் கடையில் '-10' போட்ட பிளக் பல நேரம் இருக்காது, வெறும் பி7எச்எஸ் தான் இருக்கும். மற்ற எல்லாம் ஒன்றுதான், கேப் மட்டும் 0.7 மி.மீ. சுற்றில் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கு வேண்டியது 0.9 முதல் 1.0. பக்கக் கம்பியை மட்டும் பிடித்து மெல்ல நெம்பி 0.9-க்குக் கொண்டு வந்தால் போதும், அருமையாக ஓடும். 0.2 மி.மீ. அளவுக்கு வளைப்பதில் தப்பில்லை. அதற்கு மேல் வளைத்தால் கம்பி சாய்ந்துவிடும். நடுக்கம்பியில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி நெம்பாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விடும், வெளியே தெரியாது. கேப்பை அளக்க ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செலவு, ஆயுசுக்கும் வரும்.

பைக் கடைக்குப் போகும்போது இன்னும் இரண்டு எழுத்துகளில் கவனம் வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், பைக் பலவற்றில் இதே 14 மி.மீ. குட்டைப் பிளக்தான் என்பதால் கிடைப்பது சிரமமில்லை. ஆனால் 'எச்' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' இருந்தால் அது 19 மி.மீ. நெட்டைப் பிளக். மரை ஒன்றே, ஸ்பேனர் ஒன்றே, அழகாக உள்ளே போகும். போய் பிஸ்டன் தலையில் இடிக்கும்.

எனக்கு இது கண்ணால் கண்ட விஷயம். எங்கள் வீட்டு வள்ளத்துக்கே நடந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் மச்சான் டவுனுக்குப் போய் பழைய பிளக்கைக் காட்டி "இதே மாதிரி ரெண்டு" என்று கேட்டிருக்கிறார். கடைப் பையன் எடுத்துக் கொடுத்தது பி7இஎஸ். மேல்பாதி இரண்டுக்கும் ஒரே மாதிரி, அதனால் இருவருக்கும் தெரியவில்லை. கரையில் கயிற்றை இழுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம், கயிறு பாதியில் நின்றது. நல்ல காலம், அவர் பலம் போட்டு இரண்டாவது முறை இழுக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் பக்கக் கம்பி நசுங்கி நடுக்கம்பியோடு ஒட்டியிருந்தது, பிஸ்டன் தலையில் நகம் பதிந்த மாதிரி ஒரு பிறை வடு. அன்று அத்தோடு போயிற்று. கயிறு இழுக்காமல் செல்ஃப் ஸ்டார்ட்டாக இருந்திருந்தால் பிஸ்டன் செலவு வந்திருக்கும். ஆகவே எழுத்தைப் படித்து வாங்குங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையின் நீளத்தைக் கண்ணால் ஒப்பிடுங்கள்.

இன்னொரு எழுத்து முதல் 'பி'க்கு (B) பின்னால் வரும் இன்னொரு 'பி' (P), அதாவது பிபி7எச்எஸ் (BP7HS). இதில் பீங்கான் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். எஞ்சின் புத்தகத்தில் சொல்லாதவரை அதையும் போடவேண்டாம். 'ஆர்' எழுத்து, அதாவது பிஆர்7எச்எஸ்-10, மட்டும் வேறு விஷயம். உள்ளே ஏறக்குறைய ஐந்து கிலோ ஓம் தடை வைத்த பிளக் அது. விஎச்எஃப் ரேடியோ, எக்கோ சவுண்டர் வைத்திருப்பவர்களுக்கு இரைச்சல் குறையும். ஆர் இல்லாத இடத்தில் ஆர் போட்டால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. ஆர் கேட்கும் எஞ்சினில் ஆர் இல்லாததைப் போடக் கூடாது, தீப்பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டிக்கு ஆகாது.

இப்போது ஆன்லைன் சரக்கு. என்ஜிகேக்கு வரும் போலி மாதிரி வேறு பிளக்குக்கு வருகிறதா என்று சந்தேகமாக இருக்கும், அவ்வளவு டூப்ளிகேட். போன மாதம் ஒருவர் பத்து பிளக் கொண்ட பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டி அச்சு அசல். ஒரு பிளக்கைக் கையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தேன், வாஷர் கழன்று மேசையில் விழுந்து உருண்டது. ஒரிஜினல் பிளக்கில் வாஷர் மரையில் பிடிபட்டு நிற்கும், சுற்றலாம், ஆனால் சுலபத்தில் கழற்ற முடியாது. அப்புறம் மரையில் விரலை ஓட்டினால் பிசிறு குத்தியது. ஒரிஜினலில் மரை வழவழவென்று, முலாம் சீராக இருக்கும். பக்கக் கம்பி நடுக்கம்பிக்கு நேர் மேலே வராமல் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. பத்துப் பிளக்கின் கேப்பையும் அளந்தோம், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 'ஆர்' என்று எழுதிய பிளக்காக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: மல்டிமீட்டரை மேல் முனையிலும் நடுக்கம்பியிலும் வைத்தால் ஐந்து கிலோ ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் உள்ளே தடையே இல்லை.

போலியில் மோசம் என்னவென்றால் அதுவும் ஓடும். கரையில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாகவே ஓடும். சூட்டைக் கடத்துவதற்கு உள்ளே செம்பு சரியாக இருக்கிறதா, பீங்கான் அடைப்பு சரியா என்பதெல்லாம் லோடு ஏற்றிக்கொண்டு முழு த்ராட்டிலில் அரை மணி ஓடும்போதுதான் தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் கரையில் இருக்க மாட்டீர்கள். பிளக் விலையில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க அந்த இடத்தில் கையை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரிடியம் பற்றி. இரிடியத்தின் நன்மை, நுனி தேயாமல் நீண்ட நாள் கேப் மாறாமல் இருப்பது. காரில் அது பெரிய நன்மை. ஆனால் நம் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிளக் தேய்ந்து சாவதில்லை. ஆயில் நனைந்தும் கரி பிடித்தும்தான் சாகிறது. கரிக்கு இரிடியமும் நிக்கலும் ஒன்றுதான். ஒரு இரிடியம் வாங்கும் காசில் மூன்று நான்கு சாதாப் பிளக் வாங்கி, நேரத்துக்கு மாற்றிக்கொண்டே போகலாம். அதோடு அந்த மெல்லிய நுனியைத் தேய்த்துச் சுத்தம் செய்யவும் முடியாது.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உண்மையான மிச்சம் இங்கேதான். பிளக்கைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள், நுனியைப் பாருங்கள். கழற்றும்போதே மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். நுனி வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த மைக் கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ரொம்ப நேரம் மெதுவாக ஓடுகிறது. கருப்பாகவும் ஈரமாகவும் பிசுபிசுவென்றும் இருந்தால் ஆயில் அதிகம், அல்லது அந்தச் சிலிண்டரில் தீப்பொறியே வரவில்லை. வெள்ளை வெளேரென்று கொப்புளம் தட்டியிருந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள், சூடு அதிகம். தண்ணீர் பம்ப் இம்பெல்லரையும் கார்புரேட்டரையும் பார்க்க வேண்டும். பீங்கானில் மணல் தூவியது போல் சாம்பல் நிறப் புள்ளிகள் மின்னினால் அது பிஸ்டன் உருகி ஒட்டிய அலுமினியம். இரண்டு பிளக்கில் ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறதோ என்று ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்தில் பத்துக்கு ஏழு பிளக் கருப்பு ஈரத்தில்தான் வருகிறது. காரணம் ஆயில். எண்டியூரோவுக்கு ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலப்பதுதான் கணக்கு, 24 லிட்டர் டேங்குக்கு 480 மி.லி. புது எஞ்சினுக்கு முதல் பத்து மணி நேரம் மட்டும் இரட்டிப்பாக ஊற்றச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தையே பலர் ஆயுசுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். கண் அளவில் ஊற்றி, "எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று கடைசியில் கொஞ்சம் சேர்த்தும் ஊற்றுகிறார்கள். அந்தக் கொஞ்சம் முழுக்கப் பிளக்கில்தான் போய் உட்கார்கிறது. ஒரு அளவுக் குவளை வாங்குங்கள்.

அளவைவிடப் பெரிய சங்கதி ஆயிலின் ஜாதி. பைக்குக்கு உள்ள டூ-டி ஆயில் விலை குறைவு என்று அவுட்போர்டில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பைக் எஞ்சின் காற்றில் ஆறுவது, சூடாக ஓடுவது. அந்த ஆயிலில் எரிந்தபின் சாம்பல் விடும் சேர்மானங்கள் இருக்கும். அவுட்போர்டு கடல் தண்ணீரில் ஆறுவது, குளிர்ச்சியாக ஓடுவது. இதற்குச் சாம்பல் விடாத டிசி-டபிள்யூ3 தர ஆயில்தான் வேண்டும். டப்பாவில் அந்த எழுத்து இருக்கும். பைக் ஆயில் ஊற்றினால் அந்தச் சாம்பல் பிளக்கின் கேப்பில் மயிரிழை போலப் பாலம் கட்டும். பாலம் கட்டியதும் தீப்பொறி நின்றுவிடும். ஆயிலில் மிச்சம் பிடித்த காசு பிளக்கில் போய்விடும், ஒரு நாள் தொழிலும் போய்விடும்.

அடுத்தது, வலை இழுக்கும் நேரம். ஒரு மணி, இரண்டு மணி எஞ்சின் ஐடிலிங்கில் முனகிக்கொண்டே கிடக்கும். பிளக் நுனி 450 டிகிரியைத் தொடுவதே இல்லை, கரி ஏறிக்கொண்டே போகும். முடிந்தால் நிறுத்திவிடுங்கள். முடியாது என்றால் வலை ஏற்றி முடித்ததும் சில நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள், கரி எரிந்துவிடும். சோக்கை மறக்காமல் உள்ளே தள்ளுங்கள். எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் சூடேறாமல் இதே கதைதான்.

இப்படிக் கரி பிடிக்கிறதே என்று ஒரு எண் சூடான பிளக், அதாவது 6, போடச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கரி குறையும், உண்மைதான். ஆனால் மீன் ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் முழு த்ராட்டிலில் வரும்போது நுனி கூடுதலாக 70, 100 டிகிரி ஏறும். பிளக் செலவைப் பிஸ்டன் செலவாக மாற்றிக்கொள்ளும் வேலை இது, செய்யாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு அப்படியே பொருந்தாது. அதற்குக் கம்ப்ரஷன் வேறு, பிளக் எண்ணும் மாறலாம். அந்த எஞ்சினின் புத்தகத்தில் உள்ள எண்ணைத்தான் போட வேண்டும். நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் அவர்களுக்கும் பிளக் கூடுதல் நாள் வரும்.

சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை. பைக் கடைகளில் மணல் அடித்துப் பிளக் சுத்தம் செய்யும் மெஷின் இருக்கும். அவுட்போர்டு பிளக்கை அதில் கொடுக்க வேண்டாம், பீங்கான் இடுக்கில் ஒட்டிய மணல் சிலிண்டருக்குள் கொட்டும். கம்பி பிரஷ்ஷும் பீங்கானில் இரும்புக் கோடு போட்டுவிடும், தீப்பொறி அந்த வழியே கசியும். பழைய பல் தேய்க்கும் பிரஷ், கொஞ்சம் பெட்ரோல், நன்றாக உலர விடுதல். அவ்வளவுதான். அதற்கும் வராத பிளக்கை மாற்றிவிடுங்கள், மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். முழு த்ராட்டிலில் உங்கள் எஞ்சின் மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் குடிக்கிறது. ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தபடி இரண்டு நாள் ஓட்டினால் வீணாகும் பெட்ரோல் காசிலேயே ஒரு ஜோடிப் பிளக் வந்துவிடும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை உரிந்து வரும். பிளக் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, முதலில் கையால் மட்டும் சுற்றுங்கள். கையில் கடைசிவரை லேசாகப் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் தொட்டதும் ஸ்பேனரால் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றுக்குள் நிறுத்திவிடுங்கள், டார்க் ரென்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர். கழற்றிய பிளக்கையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அரைச் சுற்று தேவைப்படாது. மரையில் கிரீஸ் பூசும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பூசினால் அதே பலத்தில் அதிகமாக இறுகிவிடும், அதனால் வேண்டாம். உப்புக்காற்றுக்கு வெளி இரும்பில் லேசாக ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் போதும். பிளக்கின் மேல் மாட்டும் வயர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்பு ஈரம் அந்த வழியாகத்தான் போகும்.

கடலுக்குப் போகும்போது ஒரு ஜோடிப் புதுப் பிளக், கேப் அளந்து வைத்தது, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் மூடி இறுக்கி வையுங்கள். 21 ஸ்பேனரை ஒரு கயிற்றில் கட்டி வள்ளத்தோடு பிணைத்து வையுங்கள், நடுக்கடலில் கை நழுவினால் வேறு ஸ்பேனருக்குப் போக இடமில்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இது. இந்த முறை பி7எச்எஸ்-10 ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள். டேங்கில் இருக்கும் பழைய கலவை தீர்ந்ததும் டிசி-டபிள்யூ3 ஆயிலை அளந்து ஊற்றுங்கள். மாட்டிய தேதியை எஞ்சின் மூடியின் உட்பக்கம் எழுதி, தினமும் ஓடிய மணியைக் குறித்து வாருங்கள். ஐம்பது மணியில் இரண்டு பிளக்கையும் கழற்றி, மேல் எது கீழ் எது என்று குறித்து, வெயிலில் வைத்து நுனியைப் படம் எடுத்து அனுப்புங்கள். நிறத்தைப் பார்த்தால் கார்புரேட்டரைத் தொட வேண்டுமா என்று சொல்லிவிடலாம்.